வாதத்தில் ஒரு கூற்றின் நிலை

ஒரு வாதத்தை ஆராயப் புகும்போது எடுத்த எடுப்பிலேயே ‘இது உண்மையா?’ என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூற்று இங்கே எதற்காக நிற்கிறது? நிறுவ வேண்டிய முடிவாகவா, அதற்குக் காரணமாகவா, காரணத்துக்குத் துணைநிற்கும் சான்றாகவா? பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்னும் துறவி காப்பியத் தலைவி மணிமேகலைக்கு உரைக்கும் அளவை (தருக்க) நெறி இக்கேள்வியின் மேல்தான் எழுந்து நிற்கிறது. ‘நியாயப்பிரவேசம்’ என்னும் வடமொழி நூலோடு நெருங்கிய ஒப்புமை கொண்ட அப்பகுதியில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகள் சொல்லப்படுகின்றன. பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவு. அங்கே புகை இருப்பது ஏது, அதாவது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திட்டாந்தம், அதாவது சான்று.

இந்நிலைகள் கூற்றோடு கூடப் பிறந்தவை அல்ல. மலைமேல் தெரிவது புகைதானா, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவதை அக்காதை ஏதுப்போலிகளுள் (குற்றமுள்ள ஏதுக்களுள்) ஒன்றாக வைக்கிறது. ‘அது புகைதான்’ என்ற கூற்று அதுவரை ஏதுவாக நின்றது. ஐயம் எழுந்தவுடன் அதுவே நிறுவப்பட வேண்டிய பக்கமாகிறது. சொல் ஒன்றும் மாறவில்லை. எதிரே நிற்பவர் எதை ஒப்புக்கொண்டார், எதை ஒப்பவில்லை என்பது மட்டுமே மாறியது. ஒரு கூற்றின் நிலையை அதைத் தனியே பிரித்துவைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூற்று உண்மையாக இருந்தால் போதாதா, நிலையை ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம். போதாது. ‘ஒலி அநித்தியம் (நிலையற்றது), அறியப்படுவதால்’ என்ற வாதத்தைப் பாருங்கள். ஒலி அறியப்படுகிறது என்பது உண்மை. ஒலி அநித்தியம் என்பதும் பௌத்தருக்கு உடன்பாடே. ஆயினும் தம் கொள்கைக்குத் துணையாக வந்த இவ்வாதத்தையே அறவண அடிகள் குற்றமுடையது என்று தள்ளுகிறார். அநித்தியமான குடமும் அறியப்படுகிறது, நித்தியமான ஆகாயமும் அறியப்படுகிறது. ஆகவே அந்த ஏது எப்பக்கமும் சாயும். அதனால்தான் பொய், மெய் என்று மட்டும் பிரிக்காமல் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று குற்றங்களை அக்காதை உறுப்புவாரியாக வகுக்கிறது. தமக்குத் துணையான வாதத்தையே தள்ளும் அந்த நேர்மை என்னை வியக்க வைக்கிறது.

‘ஆதலால்’, ‘ஏனெனில்’ போன்ற சொற்களே நிலையைக் காட்டிவிடுமே என்பது இன்னொரு தடை. அவை உதவும், ஆனால் முழுதும் நம்பத்தக்கவை அல்ல. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் 12 நூற்பாக்களும் அதிகரணங்களாக (உட்பிரிவுகளாக)ப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசை வெளிப்படையாகவே அமைந்துள்ளது. அங்கும் முதல் அதிகரணத்தில் உலகம் தோன்றி நின்று அழிவது என்பது மேற்கோள். அடுத்து அவ்வுலகுக்கு முதல்வன் யார் என்று ஆராயும்போது அதுவே அடித்தளமாகிவிடுகிறது. பெயர் எழுதி ஒட்டப்பட்ட இடத்திலேயே இப்படி என்றால், பெயரே இல்லாத மேடைப் பேச்சிலும் தலையங்கத்திலும் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

பள்ளிகளில் மாணவர்களைச் சொற்போருக்குப் பழக்கும் ஆசிரியர்கள், மணிமேகலையின் கதையோடு நின்றுவிடாமல் இந்தக் காதையையும் எடுத்து, ஒவ்வொரு வரியும் பக்கமா, ஏதுவா, திட்டாந்தமா என்று மாணவர்களையே பிரித்துச் சொல்ல வைக்க வேண்டும்.