மாணவர் வாக்கும் ஒரு தலைக்கதிரையும்

ஸ்கொட்லாந்தின் மிகப் பழைய நான்கு பல்கலைக்கழகங்களான சென். அன்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகியவற்றில் 'றெக்டர்' எண்டு ஒரு பதவி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆளைத் தெரிவு செய்பவர்கள் மாணவர்கள். எடின்பரோவில் மட்டும் ஊழியர்களும் சேர்ந்து வாக்களிக்கிறார்கள். எங்கட பல்கலைக்கழகங்களில் பேரவை எண்டு சொல்கிற ஆளுகைச் சபைக்கு அங்கே பெயர் 'கோட்'. 1858 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சபைக்குத் தலைமை தாங்கும் உரிமையை றெக்டருக்குத்தான் கொடுத்தது. யோசிச்சுப் பாருங்கோ, பணமும் சொத்தும் பேசப்படுகிற மேசையின் தலைக்கதிரையில் மாணவர் வாக்கால் வந்த ஒருவர்!

இது திடீரென்று வந்த ஏற்பாடு இல்லை. 12 ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியின் பொலோஞாவில் சட்டம் படிக்க வந்த வெளியூர் மாணவர்கள் தங்களுக்குள் சங்கமாகக் கூடி, தங்களில் ஒருவரை றெக்டராகத் தெரிவு செய்தார்கள். வகுப்புக்குப் பிந்தி வந்த பேராசிரியருக்குத் தண்டம் போடுகிற அளவுக்கு அந்தச் சங்கங்களுக்குப் பலம் இருந்தது. 1451 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுத்தபோது பொலோஞாவைத்தான் முன்மாதிரியாகச் சொன்னார். அங்கே மாணவர்கள் பிறந்த இடத்தின்படி நான்கு 'நேஷன்'களாகப் பிரிந்து வாக்களித்தார்கள். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாகம் அந்த வாக்கைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. மாணவர்கள் விடவில்லை. 1727 அளவில் அரச ஆணைக்குழு ஒன்றின் மூலம் அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

வாக்கு கிடைத்தது சரி, அதை வைத்து என்ன செய்தார்கள்? 19 ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் பெரிய மனிதர்களைத்தான் தேடினார்கள். புதிய சட்டத்தின் கீழ் எடின்பரோ முதலில் தெரிவு செய்தது பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்ரனை. 1865 இல் எழுத்தாளர் தோமஸ் கார்லைல், அரசியல்வாதி டிஸ்ரேலியைத் தோற்கடித்து வந்தார். தேர்தல் என்றால் கட்சிச் சண்டை, மாவு வீச்சு, கூழ்முட்டை. 1958 இல் கிளாஸ்கோவில் பதவியேற்க வந்த அமைச்சர் ஆர். ஏ. பட்லர் மேலேயே மாவும் தக்காளியும் விழுந்தன. வெல்பவர் வந்து ஒரு பேருரை ஆற்றுவார், அநேகமாக அவ்வளவுதான். மாணவரின் அன்றாடப் பிரச்சினைகளைப் பேச 1884 இல் எடின்பரோவில் மாணவர் பிரதிநிதிகள் சபை ஒன்று தனியாக உருவானது. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியான சபைகளை அங்கீகரித்தது.

உண்மையான கேள்வி எழுந்தது 1968 இல். எடின்பரோ றெக்டர் மல்கம் மகரிட்ஜ் ஓர் ஊடகவியலாளர். பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தில் கருத்தடை மாத்திரை கிடைக்க வேண்டும் என்று மாணவர் பிரதிநிதிகள் கேட்டார்கள். அவர் அதற்கு உடன்படவில்லை. சென். ஜைல்ஸ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்து, அங்கேயே பதவி விலகலையும் அறிவித்தார். தன் மனச்சாட்சிக்கு விரோதமானதை எடுத்துச் சொல்ல மாட்டேன் என்பது அவர் பக்கம். நாங்கள் தெரிவு செய்தவர் எங்களுக்காகப் பேச வேண்டும் என்பது மாணவர் பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு 'எங்களில் ஒருவரையே போட்டால் என்ன?' என்ற யோசனைக்கு வலு வந்தது.

1971 இல் ஜொனதன் வில்ஸ் எடின்பரோவின் முதலாவது மாணவ றெக்டர் ஆனார். அடுத்த வருடம் 21 வயது கோர்டன் பிரவுண் வந்தார். பின்னாளில் பிரதமரான அதே பிரவுண்தான். 1975 வரை அவர் கோட்டின் தலைவராக இருந்தார். பெயருக்கு இருந்து புகைப்படத்துக்கு நின்ற தலைவர் இல்லை, கூட்டத்தை நடத்திய தலைவர். சட்டத்தில் நூறு வருடத்துக்கு மேலாக எழுதியிருந்த அதிகாரத்தை ஒரு மாணவர் எடுத்துப் பயன்படுத்தியபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று எல்லாருக்கும் விளங்கியது.

கிளாஸ்கோவின் கதை வேறு. 1962 இல் அல்பேர்ட் லுதுலி, 1987 இல் வின்னி மண்டேலா, 2005 இல் இஸ்ரேலின் அணுவாயுத இரகசியத்தை வெளியிட்ட வனுனு, 2014 இல் எட்வேர்ட் ஸ்னோடன். லுதுலியைத் தென்னாபிரிக்க வெள்ளை அரசு முடக்கி வைத்திருந்தது. வனுனுவுக்கு நாட்டை விட்டு வெளியேற அனுமதி இல்லை. ஸ்னோடன் ரஷ்யாவில். வர முடியாது என்று தெரிந்துதான் தெரிவு செய்தார்கள். இதை வெறும் அடையாள அரசியல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒடுக்கப்பட்டவருக்கு ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுப்பதும் ஒரு செயல்தான். ஆனால் அதற்கு விலை இருக்கிறது. றெக்டர் தன் சார்பில் கோட்டுக்கு ஒரு 'அசெசர்' நியமிக்கலாம், ஆனால் தலைக்கதிரையில் மாணவர் தெரிவு செய்தவர் இருக்க மாட்டார். வரக்கூடியவரே வராமல் விட்ட கதையும் உண்டு. 1999 இல் தெரிவான நடிகர் றொஸ் கெம்ப், வேலையைச் செய்யவில்லை என்று மாணவர் சபையே சொன்ன பிறகு அடுத்த வருடம் விலகினார்.

இரண்டையும் சேர்த்தவர் ஜிம்மி றீட். கப்பல் கட்டும் தளங்களை மூட விடாமல், வேலைநிறுத்தத்துக்குப் பதிலாக உள்ளே நின்று வேலை செய்து போராடிய தொழிலாளர் தலைவர். 1971 இல் கிளாஸ்கோ மாணவர்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற முடிவுகளில் பங்கில்லாமல் போகிற மனிதர் எப்படி அந்நியப்பட்டுப் போகிறார் என்பதுதான் 1972 இல் அவர் ஆற்றிய உரை. றெக்டர் பதவி ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு இருக்குமா?

இப்போது இந்தக் கதிரை சுருங்கி வருகிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுகைச் சபையை வழிநடத்தும் பொறுப்பை 'மூத்த வெளி உறுப்பினர்' என்ற இன்னொருவரிடம் கொடுத்தது. றெக்டர் பதவி தப்பியது. 2024 இல் சென். அன்ட்ரூஸில், காசா பற்றி மாணவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் தொடர்பான விசாரணைக்குப் பிறகு, றெக்டர் ஸ்ரெல்லா மாரிஸைக் கோட்டிலிருந்து நீக்கினார்கள். மேன்முறையீட்டில் அவர் மீண்டும் உள்ளே வந்தார். மாணவர் தெரிவு செய்த ஒருவரைச் சபையின் மற்ற உறுப்பினர்கள் வெளியே அனுப்பலாமா என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான். மாணவர் பிரதிநிதித்துவத்தை நாங்கள் அநேகமாகத் தேர்தலோடு முடித்துவிடுகிறோம். யார் வென்றார், எத்தனை வாக்கு, அவ்வளவுதான் கதை. கெம்ப்பும் வாக்கால் வந்தவர், பிரவுணும் வாக்கால் வந்தவர். கூட்ட அறிவித்தல் வந்த பிறகு, நிகழ்ச்சிநிரலை வாசித்துக்கொண்டு போய் அந்தக் கதிரையில் இருந்தது யார் என்பதில்தான் வித்தியாசம். கதிரையைச் சுருக்க நினைக்கிறவர்களுக்கும் அது வெறுமையாகக் கிடப்பதுதான் வசதி.