சரிவில் சுமை இழுத்த சிறு டிராக்டர்

அமெரிக்க வேளாண் கருவிகளின் வரலாற்றில் தோட்ட டிராக்டர், புல்தரை டிராக்டர் என்னும் இரு பெயர்களும் இரு வேறு வண்டிகளைக் குறிப்பவை. கலப்பையும் சுமைவண்டியும் இழுப்பதற்காகக் கனத்த பின் அச்சோடு வார்க்கப்பட்டது முன்னது. வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டுவதற்காகத் தகட்டுச் சட்டத்தில் இலகுவாக அமைக்கப்பட்டது பின்னது. தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், மேட்டு நிலத்தில் விறகும் எருவும் ஏற்றிச் செல்ல வண்டி தேடும் பலர் பின்னதை வாங்கிவிடுகின்றனர். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய இவ்வண்டிகளின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

மலைப்பாங்கான மேற்கு வர்ஜீனியாவில் புகைப்படக் கலைஞராக இருந்த பெஞ்சமின் கிரேவ்லி, தம் தோட்டத்தை உழுவதற்காக ஒரு 'மோட்டார் கலப்பை'யை உருவாக்கி 1916ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓட்டுபவர் பின்னால் நடந்து செல்ல வேண்டிய சிறு இயந்திரமே அது. ஆயினும் பின்னாளில் அவர் பெயரில் வந்த நடை டிராக்டர்கள், என்ஜினின் விசையைப் பெல்ட்டோ சங்கிலியோ இன்றி முழுவதும் பல்சக்கரங்கள் வழியே சக்கரத்துக்குக் கொண்டு சேர்த்ததால், வழுக்கி நழுவும் பெல்ட்டுக்கு அவற்றில் இடமே இருக்கவில்லை.

பின்னோக்கிக் கவிழும் ஆபத்தைப் பெரிய அளவில் உணர்த்தியது 1917இல் உற்பத்திக்கு வந்த ஃபோர்ட்சன் டிராக்டர். இழுக்கும் பொருள் எதிலாவது சிக்கி நின்றுவிட்டால், பின்சக்கரம் சுழல முடியாமல் போக, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலே சுழன்று முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநர்மீது கவிழ்ந்துவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். பாரம் பின் அச்சின் மட்டத்துக்கு மேலே கட்டப்பட்டிருந்தால் இந்த ஆபத்து பன்மடங்காகும். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் 1920களில் உருவாக்கிய இணைப்பு முறை, கலப்பையின் இழுவிசையைக் கொண்டே டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையோடு அழுத்தியது. 1939இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர் அம்முறையைப் பரவலாக்கியது. கொக்கி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஓட்டுநருக்குப் பாதுகாப்பு என்ற பாடத்தை இன்றைய சிறு வண்டிக்காரர்களும் மறக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகர்ப்புறங்களின் விளிம்பில் வீடுகள் பெருகியபோது, 1946இல் இந்தியானா மாநிலத்தில் எல்மர் பாண்டு தொடங்கிய தொழிலிலிருந்து 'வீல் ஹார்ஸ்' டிராக்டர்கள் வளர்ந்தன. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' வண்டியை அறிமுகப்படுத்தியது. அதன் என்ஜின் 7 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் அதன் பின்புறத்தில் அமைந்தது, வயலில் உழைத்த 'ஃபார்மால் கப்' டிராக்டரை ஒட்டிய வார்ப்பிரும்புப் பெட்டியும் பல்சக்கரங்களும். முதல் மாதிரியில் என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே இருந்த பெல்ட்டையும் 1963இல் நீக்கிவிட்டு நேர்த்தண்டு பொருத்தினர். அந்தத் தலைமுறை வண்டிகளுள் பல இன்றும் ஓடுவதற்கு அந்தக் கனமே காரணம் எனலாம்.

கனம் ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 15 பாகைச் சரிவு என்பது, கிடையாக 100 அடி செல்லும்போது ஏறத்தாழ 27 அடி உயர்வது. அத்தகைய சரிவில் 400 கிலோ எடையுள்ள டிரெய்லர் சுமார் 104 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். டிராக்டரும் ஓட்டுநரும் சேர்ந்து 280 கிலோ என்றால், அவர்களை மேலேற்றவே இன்னும் 72 கிலோ வேண்டும். ஆக, மொத்தம் 176 கிலோ விசையைப் பின்சக்கரங்கள் இரண்டும் புல்லின்மேல் பிடித்துத் தர வேண்டும். டிராக்டரின் எடை முழுவதும் அவற்றின்மேல் இருந்தாலும்கூட ஈரப்புல் அவ்வளவு பிடி தராது. என்ஜின் 10 குதிரைத்திறனாயினும் 25 ஆயினும் இக்கணக்கு மாறாது. இதை அனுபவத்தில் அறிந்த பழைய ஓட்டுநர்கள் பின்சக்கரங்களில் இரும்பு எடைகளைப் பூட்டினர். டயருக்குள் நீரையும், உறைபனிக் காலத்தில் கால்சியம் குளோரைடு கரைசலையும் நிரப்பினர். டயரின்மேல் சங்கிலி கட்டினர்.

1960களின் நடுவில் ஹைட்ரோஸ்டாட்டிக் என்னும் முறை சிறு டிராக்டர்களுக்கு வந்தது. ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தத்தில் சுழலும் மோட்டார் சக்கரத்தை ஓட்டுவதே இம்முறை. கிளட்சை மிதிக்காமலே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றதால், சரிவில் இது பெரும் வசதியாயிற்று; கியர் வண்டியில் இறக்கத்தின் நடுவே கிளட்சை அழுத்தினால் என்ஜினின் தடை அறுந்து, பாரம் வண்டியைத் தள்ளத் தொடங்கும் ஆபத்து இதில் இல்லை. ஆனால் விலையைக் குறைப்பதற்காகப் பிற்காலத்துப் புல்தரை டிராக்டர்களில் பொருத்தப்பட்ட சிறிய, மூடிய பெட்டிகள் நெடுநேரம் ஏற்றத்தில் இழுத்தால் சூடேறுகின்றன. சூடேறிய எண்ணெய் நீர்த்து அழுத்தத்தை இழக்க, வண்டி தளர்ந்துவிடுகிறது. ஏறும்போது மட்டுமன்றி இறங்கும்போதும் அதே பெட்டிதான் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதே இங்கு கவலைக்குரியது. பல சிறு வண்டிகளில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை.

புதிய டிராக்டர்கள் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தோடுதான் விற்கப்பட வேண்டும் என்று சுவீடன் 1959இலேயே சட்டம் வகுத்து, உயிரிழப்பைப் பெரிதும் குறைத்தது. புல்தரை டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரும்புச் சட்டகம் இன்றும் இல்லை. ஆகவே சரிவில் சுமை இழுக்க வண்டி தேடுவோர், மூடியின்மேல் பெரிதாக எழுதியிருக்கும் குதிரைத்திறன் எண்ணைப் பார்ப்பதற்கு முன், கையேட்டில் இழுவை எடைக்கும் சரிவுக்கும் குறித்துள்ள வரம்பைப் படித்துவிட்டு, இருக்கைக்குக் கீழே உள்ள பின் அச்சுப் பெட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.