கிக்குலியின் ஐந்து எண்கள்

துருக்கியின் நடுப்பகுதியில், போவாஸ்கலே என்னும் ஊருக்கு அருகே, ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்துசாவின் இடிபாடுகள் உள்ளன. 1906ஆம் ஆண்டு ஹூகோ விங்க்லர் அங்கே அகழாய்வைத் தொடங்கியபின் ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அரசாணைகள், உடன்படிக்கைகள், வழிபாட்டு நூல்கள் ஆகியவற்றுக்கிடையே நான்கு பலகைகளில் ஒரு தொழில் நூலும் கிடைத்தது. தேர்க்குதிரைகளைப் பழக்கும் முறையை நாள்வாரியாகக் கூறும் நூல் அது. மித்தானி நாட்டைச் சேர்ந்த குதிரைப் பயிற்றுநன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அதன் ஆசிரியன் பெயர் கிக்குலி. காலம் ஏறத்தாழ கி.மு. 14ஆம் நூற்றாண்டு.

இந்நூலில் போரைப் பற்றியோ வீரத்தைப் பற்றியோ பேச்சில்லை. முதலில் குதிரைகளைச் சோதித்துத் தேறாதவற்றை விலக்க வேண்டும். பின்னர் இன்ன நாளில் இவ்வளவு தொலைவு நடை, இவ்வளவு தொலைவு பாய்ச்சல், அதன்பின் ஓய்வு. இவ்வளவு வாற்கோதுமை, இவ்வளவு புல். எப்போது போர்வை போர்த்துவது, வியர்த்தபின் எப்போது அதை நீக்குவது, எந்நாளில் பட்டினி போடுவது, எந்நேரத்தில் ஆற்றில் குளிப்பாட்டுவது என்பனவும் கூறப்படுகின்றன. இரவிலும் பயிற்சி உண்டு. ஆறேழு மாதங்களுக்கு இவ்வொழுங்கு நீள்கிறது. உழைப்பையும் ஓய்வையும் மாற்றி மாற்றி அளித்துக் குதிரையின் ஆற்றலைப் படிப்படியாக உயர்த்துவதே இதன் அடிப்படை. 1991இல் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆன் நைலண்ட், பத்து அரபுக் குதிரைகளைக் கொண்டு இம்முறையை முழுமையாகச் செய்து பார்த்தார்.

மொழியியல் பயில்வோரை இந்நூல் ஈர்ப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நூல் ஹிட்டைட் மொழியில் உள்ளது. கிக்குலியின் நாட்டில் பெருவழக்காக இருந்த மொழி ஹுர்ரியன். ஆனால் குதிரை சுற்றிவரவேண்டிய சுற்றுகளைக் குறிக்கும் சொற்கள் இவ்விரு மொழிகளுக்கும் உரியவை அல்ல: ஐகவர்தன்ன, தேரவர்தன்ன, பன்ஸவர்தன்ன, சத்தவர்தன்ன, நவர்தன்ன. ஒரு சுற்று, மூன்று சுற்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஏகாதசி, திரிசூலம், பஞ்சபாண்டவர், சப்தகன்னியர், நவக்கிரகம் என்று அன்றாடம் வழங்கும் நமக்கு இவ்வெண்களை அடையாளம் காண அகராதி தேவையில்லை. 'வர்தன்ன' என்பதில் இருப்பது சுழலுதலைக் குறிக்கும் வேர். சக்கரவர்த்தி என்ற சொல்லிலும் உள்ளது அதுவே.

இவ்விடத்தில்தான் இணையத்தில் ஆரவாரம் தொடங்குகிறது. ஒரு சாரார், அக்காலத்தில் சிரியாவில் சமஸ்கிருதம் பேசப்பட்டது என்றும், இந்தியாவிலிருந்து சென்றோர் அதைக் கொண்டுபோயினர் என்றும் எழுதுகின்றனர். மறு சாரார் இதையே ஆரியப் படையெடுப்புக்குச் சான்றாக்குகின்றனர். சொற்களோ இவ்விரண்டையும் சொல்லவில்லை. ஒன்று என்னும் எண்ணுக்குச் சமஸ்கிருதத்தில் 'ஏக'. பழைய பாரசீகத்தில் 'ஐவ'. கிக்குலியின் 'ஐக' தன் ககரத்தால் இந்தோ-ஆரியக் கிளையைச் சேர்கிறது; ஆயினும் அதன் முதலுயிர், சமஸ்கிருதத்தில் ஏகாரமாக மாறுவதற்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. ஆகவே நாம் அறிந்த சமஸ்கிருதத்திலிருந்து இச்சொல்லைப் பெற இயலாது. அதற்கு மிக நெருங்கிய ஓர் உறவுமொழி என்பதே பொருந்தும். அம்மொழியினர் எவ்வழியாக மித்தானிக்கு வந்தனர் என்பதை ஐந்து எண்களைக் கொண்டு முடிவுசெய்ய முடியாது.

கிக்குலியே அம்மொழியைப் பேசினான் என்றும் இதனால் ஆகிவிடாது. நம் வழக்கையே எண்ணிப் பாருங்கள். கடிவாளம் என்னும் சொல் இருக்கும்போதே லகான் என்கிறோம், சவுக்கு என்கிறோம். இரண்டும் பாரசீக மூலத்தவை. உருது வழியாகத் தமிழுக்கு வந்தவை. குதிரைப் பந்தயத்தில் ஓட்டுபவரை ஜாக்கி என்று ஆங்கிலத்தில் அழைக்கிறோம். இவற்றை வைத்து எவரும் நம்மைப் பாரசீகர் என்றோ ஆங்கிலேயர் என்றோ கருதுவதில்லை. குதிரையோடு வந்தவர்களிடமிருந்து குதிரைத் தொழிலின் சொற்களையும் பெற்றோம் என்பதே அவை தரும் வரலாறு.

கிக்குலியின் சொற்களையும் அவ்வாறே படிக்கலாம். ஒரு பயிற்றுநன் தன் தொழிலில் எளிதில் மாற்றத் துணியாதது அளவுச் சொல்லை. ஐந்து சுற்று ஓடவேண்டிய குதிரையை ஒன்பது சுற்று ஓட்டினால் பல மாத உழைப்பு வீணாகலாம், குதிரையும் நொடிக்கலாம். ஆசானிடம் கேட்ட எண்ணை மாணவன் அப்படியே ஒப்புவித்திருக்க வேண்டும். அம்மொழி பேச்சில் மறைந்த பின்னரும் லாயத்தில் அது எஞ்சியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன்.

இனப்பெருமைக்கு ஆதாரம் தேடி இந்தப் பலகைகளைப் புரட்டுவோர் ஐந்து சொற்களோடு நின்றுவிடுகின்றனர். எஞ்சிய நூல் முழுவதும் தீனி, தண்ணீர், வியர்வை, ஓய்வு ஆகியவற்றின் கணக்கு. ஒரு விலங்கை அவசரப்படுத்தாமல், நாள்தோறும் உடனிருந்து வலிமையாக்கக் கற்றவர்களின் அறிவு அது. பல மொழி பேசியோர் அதைக் கைமாற்றிக் காத்துள்ளனர்.