பழஞ்சீன ஜேட் சிற்பங்களின் மெய்ம்மை: சான்றுகளின் வரிசைமுறை

1. வரையறை

ஒரு சிற்பம் எக்காலத்தது என்று சொல்லப்படுகிறதோ அக்காலத்திலேயே அது உருவாகியிருப்பதை ‘மெய்ம்மை’ என்று வரையறுக்கிறோம். இதிலிருந்து விலகுவன மூவகை. ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டது போலி. முன்னோர் வடிவத்தைப் போற்றி, ஒளிவின்றிப் பின்னோர் செய்தது பழம்பாணிப் படைப்பு. பழம்பொருள் நாட்டம் மிகுந்த சோங் காலத்தில் (960–1279) இவ்வகை பெருகிற்று. பழைய கல்லில் பிற்காலக் கை பட்டது மறுவேலை. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியன்லோங் பேரரசர், தம் சேகரிப்பிலிருந்த பழைய ஜேடுகள் பலவற்றில் தம் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். அவற்றில் உருவம் ஒரு காலம், எழுத்து வேறொரு காலம். எனவே ‘உண்மையா, போலியா’ என்று கேட்பதைவிட, எப்பகுதி எக்காலம் என்று கேட்பதே முறை.

2. பொருட்சான்று

ஜேட் எனப்படுவன இரு கனிமங்கள்: நெஃப்ரைட் (ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.0), ஜேடைட் (ஏறத்தாழ 3.3). பழஞ்சீனர் கையாண்டது நெஃப்ரைட். பர்மாவின் ஜேடைட் சீனத்துக்குப் பெருமளவில் வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே ஜேடைட்டில் அமைந்த ‘ஹான் காலக் குதிரை’யை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஆனால் இச்சான்று விலக்க மட்டுமே வல்லது; நெஃப்ரைட் இன்றும் கிடைக்கிறது, போலி செய்பவரும் அதை வாங்கலாம்.

3. கருவித்தடம்

கருவியும் உராய்பொருளும் கல்லில் விட்டுச்சென்ற வடுவைக் ‘கருவித்தடம்’ என்கிறோம். சான்றுகளுள் இதற்கே முதலிடம் தருகிறோம். காரணம் கல்லின் இயல்பிலேயே உள்ளது. நெஃப்ரைட்டின் கடினம் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை, அதன் இழைகள் பின்னிக் கிடப்பதால் உளிக்கு எளிதில் உடையாது. எனவே அதைச் செதுக்கவில்லை. குவார்ட்ஸ் (கடினம் 7) போன்ற மணலை இட்டுத் தேய்த்தே உருவாக்கினர். எதனால் தேய்த்தனர் என்பது காலத்துக்குக் காலம் மாறியது.

மணல் பூசிய கயிற்றால் அறுத்தால் வளைந்த வரிகள் பதியும். குழாய்த் துளைப்பான் இருபுறமிருந்தும் செலுத்தப்பட்டால், நடுவில் சந்திக்குமிடத்தில் சிறு படி எஞ்சும்; லியாங்சு பண்பாட்டின் (கி.மு. 3300–2300) ‘சோங்’ எனும் குழாய்வடிவ ஜேடுகளின் துளைகளில் இதைக் காணலாம். அதே பண்பாட்டின் நுண்கோடுகள், உருப்பெருக்கியில், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த குறுங்கீறல்களாகப் பிரிகின்றன. சுழல்வட்டு வெட்டிய பள்ளமோ இரு முனையிலும் சரிந்து படகுபோல் இருக்கும். 1890களில் கார்போரண்டம் என்ற செயற்கை உராய்பொருள் வந்தது. அதன் பின்னான விசைக் கருவிகளின் வரிகள் கைவேலைக்கு வாய்க்காத சீர்மை உடையன. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் பள்ளங்களைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் ஆய்ந்தனர். பொருளுக்கு ஊறின்றித் தடம் படிக்க அது நல்ல வழி.

மெருகு தடத்தை அழிக்கும். எனவே மேற்பரப்பை விட்டுத் துளையின் உட்சுவரையும் பள்ளத்தின் அடியையும் தேட வேண்டும். பழைய முறையிலேயே ஒருவர் போலி செய்யக்கூடுமே எனலாம். கூடும், ஆனால் அத்தனை உழைப்புக்கு விலை கட்டுவது அரிது.

4. மண்ணேற்றம்

புதைவில் கல் அடையும் மாற்றம் மண்ணேற்றம்: வெளிறல், இரும்பின் பழுப்பு, இங்குலிகச் சிவப்பு, வெண்கலத்தின் பச்சை. வாங்குவோர் கண் முதலில் இதில்தான் விழுகிறது. கல்லில் தெரியும் சான்றுகளுள் நாம் இதைக் கடைசியில் வைக்கிறோம். தீயும் அமிலமும் சாயமும் இதை எளிதில் உண்டாக்கும். உயிருள்ள ஆட்டின் காலில் கல்லை வைத்துத் தைத்துச் செந்நிறம் ஏற்றும் தந்திரத்தை, சியன்லோங்கின் மரபான சிங் காலத்தாரே பதிந்துள்ளனர். இயல்பான நிறம் பெரும்பாலும் கல்லின் வெடிப்பைப் பின்பற்றும், கோடுகளைக் கடந்து செல்லும். ஏற்றிய நிறம் பள்ளங்களில் தேங்க முனையும்.

5. அகழ்விடம்

அகழ்விடம் தெரிந்தாலும் காலம் முழுதும் உறுதியாவதில்லை. சீனத்தின் ஆன்யாங்கில் 1976இல் அகழ்ந்த ஃபூ ஹாவோ அரசியின் கல்லறையில் 755 ஜேடுகள் கிடைத்தன. கல்லறை கி.மு. 1200 அளவினது, அந்த ஜேடுகளுள் சிலவோ புதிய கற்கால ஹோங்ஷான் பண்பாட்டினவாகக் கருதப்படுபவை, அரசிக்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை. எனவே ஐயமற அகழ்ந்த பொருளிலும் கல்லறை தருவது பின்னெல்லை மட்டுமே. முன்னெல்லைக்கு மீண்டும் கருவித்தடத்தையும் வடிவத்தையும் நாட வேண்டியுள்ளது.