கல்லாப்பெட்டி கொடுத்த 'செல்ஃப்'

காலை எட்டரை மணி. ஆபீஸுக்குக் கிளம்பி, காரில் உட்கார்ந்து சாவியைத் திருகுகிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! பக்கத்து ஃப்ளாட்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "செல்ஃப் எடுக்கலையா சார்? பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால், தீர்ப்புக்கு முன்னால் கொஞ்சம் விசாரணை வேண்டாமா? அந்த 'செல்ஃப்' எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் விசாரணை ரொம்பச் சுலபம். அதற்கு நூறு வருடங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்... அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு!

அன்றைக்கு காரை ஸ்டார்ட் செய்வது என்பது கிட்டத்தட்ட ஒரு குஸ்தி. காருக்கு முன்னால் குனிந்து நின்று, இரும்பு ஹேண்டிலைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன லீவரைத் தள்ளி, தீப்பொறி தாமதமாக வரும்படி செய்துவிட வேண்டும். மறந்தீர்களோ, தொலைந்தீர்கள்! பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பெட்ரோல் வெடித்து, ஹேண்டில் படுவேகமாக எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு காலி. இந்த வகை எலும்பு முறிவுக்கு டாக்டர்கள் வைத்த பெயர், 'ஷோஃபர் ஃப்ராக்சர்'. ஷோஃபர் என்றால் டிரைவர். ஹேண்டில் போன பிறகும் எலும்பு மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

1908-ல் பைரன் கார்ட்டர் என்பவர் இறந்துபோனார். 'கார்ட்டர்கார்' என்று தன் பெயரிலேயே கார் தயாரித்தவர். டெட்ராய்டில் ஒரு பாலத்தின்மேல் நின்றுபோன ஒரு பெண்மணியின் காருக்கு ஹேண்டில் போடப்போய், அது திருப்பி அடித்து தாடை உடைந்து, பிறகு நிமோனியா வந்து இறந்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கேடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலேண்ட் அவருடைய நண்பர். 'இனி என் காரால் ஒரு மனிதனும் சாகக் கூடாது' என்று அவர் துடித்துப்போனாராம். (பாலத்தில் நின்ற பெண்மணி மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இந்த மாதிரிக் கதைகளில் ஒரு பெண்மணி எப்படியாவது வந்துவிடுவார்!)

லீலேண்ட் போய் நின்ற ஆள், சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடைகளில் கல்லாவாக இருந்த அந்த மெஷினுக்கு ஒரு குட்டி மின் மோட்டாரைப் பொருத்தியவர் அவர்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு, எட்வர்டு டீட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து, டீட்ஸ் வீட்டுக் கொட்டகையிலேயே 'டெல்கோ' கம்பெனியைத் தொடங்கியிருந்தார்.

"என்ஜினைச் சுற்ற வேண்டுமானால் என்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும். அதுக்கு ஒரு வண்டி பேட்டரி வேண்டும். நடக்கிற காரியமா?" என்றார்கள் நிபுணர்கள். கெட்டரிங் அசரவில்லை. கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்கவா ஓடுகிறது? ஒரு விநாடி முழு மூச்சில் வேலை, அப்புறம் ஓய்வு! கார் மோட்டாரும் சில விநாடிகள் ஓடினால் போதுமே... அந்தச் சில விநாடிக்கு, அதன் சக்திக்கு மீறிய கரண்டைக் கொடுத்தால் தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். 1911 பிப்ரவரியில் செய்து காட்டிவிட்டார். 1912 மாடல் கேடிலாக்கில் ஹேண்டிலுக்கு வேலையில்லை.

என் பார்வையில் கெட்டரிங்கின் நிஜமான சாமர்த்தியம் அடுத்த விஷயத்தில்தான் இருக்கிறது. பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடாதா? என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பியது! பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், பேட்டரி ஒரு 'கரண்ட் அக்கவுண்ட்'. செல்ஃப் மோட்டார் ஒரே மூச்சில் பெரிய தொகையை எடுக்கும். டைனமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும். கொஞ்ச காலத்திலேயே மோட்டாரையும் டைனமோவையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கடைசியில் 2015-ல் மாருதி, சியாஸ் காரில் ஸ்டார்ட்டும் சார்ஜும் செய்கிற ஒரே மெஷினை வைத்து 'ஹைபிரிட்' என்றது. கெட்டரிங் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்!

இதில் ஒரு வேடிக்கை. ஹேண்டில் தொல்லை இல்லை என்பதற்காகவே அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் மின்சாரக் கார்களை விரும்பினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'! செல்ஃப் வந்ததும் பெட்ரோல் கார் சாதுவாகிவிட்டது. மின்சாரக் காரின் மவுசு இறங்கத் தொடங்கியது. ஃபோர்டின் மாடல் 'டி'க்கு செல்ஃப் கிடைக்க 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டைனமோவுக்கு ஒரு குறை. என்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் தூங்கிவிடும். 1960-ல் கிரைஸ்லர் கம்பெனி 'வேலியன்ட்' காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. சிக்னலில் நிற்கும்போதும் சார்ஜ் ஏறியது. சென்னை பாடியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு 'லூகாஸ்' என்பது ஒரு ஸ்டாப்பிங். அந்தப் பெயரைக் கொடுத்த லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையின் சரக்கே செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான்.

சரி, உங்கள் 'டக்' சத்தத்துக்கு வருவோம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகுங்கள். லைட் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியில் சரக்கில்லை, அல்லது டெர்மினலில் பச்சை பூத்துக் கிடக்கிறது. 'டகடகடக' என்று அடித்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இதற்குச் செலவே இல்லை! லைட் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேலும் அதற்குப் போகும் ஒயர் மேலும். என்ஜின் ஜோராகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? இவர்கள் எல்லோரும் நிரபராதிகள். பெட்ரோலையும் தீப்பொறியையும் விசாரியுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். நிறைய நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது கொஞ்சம் ஏறி இறங்கும்.) ஓடும்போதும் 12.4-லேயே நின்றால் கணக்கில் யாரும் பணம் கட்டவில்லை என்று அர்த்தம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் படுத்திருக்கலாம். புது பேட்டரி வாங்கி வைத்தாலும் அது சீக்கிரமே டவுன் ஆகும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்தே சாகும். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்டு எரிகிற சிவப்பு லைட்டும் 'சார்ஜ் ஏறவில்லை' என்பதைத்தான் சொல்கிறது. பேட்டரியைப் பழி சொல்ல வந்ததல்ல அது.

இன்னொன்று. டைனமோ காலத்து மெக்கானிக்குகள் சிலர், ஓடுகிற என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பார்கள். என்ஜின் நிற்காமல் ஓடினால் 'டைனமோ ஓ.கே.!' ஆல்டர்னேட்டர் உள்ள காரில் இதைச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி, உள்ளே இருக்கும் டயோடுகளும் காரின் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் கருகிப்போகலாம். ஸ்பேனரோடு அவர் டெர்மினல் பக்கம் போனால், "அண்ணே, முதல்ல என்ஜினை ஆஃப் பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுங்கள்.