408 வெற்றிகளும் ஒரு மறதியும்

நூற்றாண்டு மலர் என்றதும் அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகள், வென்றெடுத்த கேடயங்கள் என்பனவே முதலில் நினைவுக்கு வரும். அவற்றை ஏனைய பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் சிறிய கல்லூரியொன்றில் 56 ஆண்டுகள் உதைபந்தாட்டம் பயிற்றுவித்த எட்டி றொபின்சன் என்பவரின் வரலாறு. பெண்கள் பாடசாலையின் மலரில் இவருக்கு என்ன இடம் என்று கேட்கும் தோழியர் சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறோம்.

1919 பெப்ரவரி 13இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர் றொபின்சன். தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். தாயார் வீட்டு வேலைக்குப் போனவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய இவர், படிப்பு முடிந்ததும் கால்நடைத் தீவன ஆலையொன்றில் மணிக்கு 25 சதத்துக்கு வேலை செய்தார். 1941இல் கிராம்ப்ளிங் ஊரிலிருந்த கல்லூரி அவரைப் பயிற்றுநராக அழைத்தது. வயது 22, மாதச் சம்பளம் 63 டொலர் 75 சதம்.

தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவருக்குக் கதவைத் திறவாத காலம் அது. தம் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்று கறுப்பின விவசாயிகள் முயன்று 1901இல் தொடங்குவித்த பாடசாலையே பின்னர் இக்கல்லூரியாக வளர்ந்தது. வசதி குறைவு. மைதானத்தில் புல் வெட்டியதும், கோடு போட்டதும், வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டதும், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதியதும் றொபின்சனே.

அவர் பயிற்றுவித்தது அமெரிக்க உதைபந்தாட்டம். நமது றக்பியைப் போல, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. முதல் பருவத்தில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு 9 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணி எதுவும் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை.

உலகப் போரினால் 1943, 1944ஆம் ஆண்டுகளில் கல்லூரி அணி இயங்கவில்லை. அப்போது அவர் அங்கிருந்த உயர்பாடசாலை அணியைப் பயிற்றுவித்தார். பருத்தி பறிக்க ஆள் வேண்டுமென்று ஒரு தந்தை தம் பிள்ளைகளை அணியிலிருந்து மறித்தபோது, றொபின்சன் அணி முழுவதையும் அந்த வயலுக்குக் கூட்டிச் சென்று, பருத்தியைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை மீட்டு வந்தார். அதே போர்க்காலத்தில் பெண்களுக்குக் கூடைப்பந்தாட்டமும் பழக்கினார். அந்த அணி மாநிலப் பட்டத்தை ஒரேயொரு புள்ளியால் தவறவிட்டது.

அவரது மாணவர் போல் யங்கர், கறுப்பினக் கல்லூரியொன்றிலிருந்து தேசிய தொழில்முறைக் கழகங்களுக்குச் சென்ற முதல் வீரரானார், ஆண்டு 1949. அவர் வழியில் 200க்கும் மேற்பட்டோர் சென்றனர். அணியை நெறிப்படுத்திப் பந்தெறியும் குவாட்டர்பேக் இடத்துக்குக் கறுப்பினத்தவர் பொருந்தமாட்டார் என்ற எண்ணம் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. 1988 ஜனவரியில் இன்னொரு மாணவரான டக் வில்லியம்ஸ், அதே இடத்தில் நின்று வொஷிங்டன் அணியை 42க்கு 10 என்று இறுதியாட்டத்தில் வெல்லச் செய்து, சிறந்த வீரராகவும் தெரிவானார். இதற்கிடையே 1985 ஒக்டோபரில் 324ஆவது வெற்றியைப் பெற்று, புகழ்பெற்ற பெயார் பிறையன்ற்றின் சாதனையை றொபின்சன் தாண்டியிருந்தார்.

ஆயினும் அவர் விடியற்காலையில் மணியடித்து விடுதிப் பிள்ளைகளை எழுப்பியது மைதானத்துக்கு மட்டுமல்ல, வகுப்புக்கும்தான். வீரர்கள் பட்டம் பெற்று வெளியேறுவதையும் அவர் தம் பொறுப்பாகவே கொண்டார்.

இறுதிக் காலம் இலகுவாக அமையவில்லை. அணி தோற்கத் தொடங்கியது. 1996இல் அவர் விலகவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன; பலர் பரிந்து பேசியதால் இன்னும் ஓராண்டு கிடைத்தது. 1997இல் ஓய்வுபெற்றபோது கணக்கு: 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. அதன் பின்னர் அல்சைமர் நோய் அவரைப் பற்றியது. 2007 ஏப்ரல் 3இல், 88ஆவது வயதில் காலமானார். 2010இல் கிராம்ப்ளிங்கில் அவர் பெயரில் நூதனசாலை திறக்கப்பட்டது. அது அமைந்திருப்பது பெண்களுக்கான பழைய உடற்பயிற்சிக் கூடத்தில்.

மருத்துவராகப் பணிபுரியும் நமக்கு இந்த முடிவே மனத்தில் நிற்கிறது. இந்நோயில் நேற்று நடந்தது முதலில் போகும். ஐம்பது வருடத்துக்கு முந்தியது நெடுநாள் தங்கும். பின்னர் அதுவும் மங்கும். ஆசிரியருடைய நினைவு மங்கும்போது அவருடைய வரலாறு மாணவரிடமே எஞ்சுகிறது.

நமக்கு வலைப்பந்தாட்டம் பழக்கிய, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போடுவித்த ஆசிரியைகள் பலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். சிலர் ஊரில், சிலர் கொழும்பில், சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகளோடு. போரிலும் இடப்பெயர்விலும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பாடசாலைகளின் பதிவேடுகள் அழிந்தன. கேடயத்தில் ஆண்டு இருக்கும். தோற்ற அணியை மறுநாளும் மைதானத்துக்கு அழைத்தவர் யார் என்பது இராது.

ஆகவே தோழியரே, இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே அவர்களிடம் போங்கள். முடியாதவர்கள் தொலைபேசியில் அழையுங்கள். பழைய படங்களைக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். சம்மதித்தால் குரலைப் பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். ஒன்றை மட்டும் மருத்துவராகக் கேட்டுக்கொள்கிறோம்: "என்னைத் தெரியுதா ரீச்சர்?" என்று சோதிக்க வேண்டாம். பெயரையும், படித்த ஆண்டையும், எந்த இல்லம் என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். மீதியை அவர்கள் சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.