மின்சாரம் இல்லாத நாட்களில் ஒரு மவுத் ஓர்கன்

எமது கல்லூரியின் நூறாண்டு இசை வரலாற்றில் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் தமக்குரிய இடத்தைப் பெற்றிருக்கின்றன. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு வாத்தியத்தை 1994 இல், ஆண்டு ஒன்பதில் படித்த நாங்கள் ஐவர் மாமரத்தடியில் பழகினோம். அதையும் இம்மலரில் பதிந்துவைக்க விரும்புகிறோம்.

1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பற்றறிக்குத் தடை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிள் டைனமோவைச் சுற்றவேண்டும். அந்நாட்களில்தான், தோழி ஒருத்தியின் அண்ணர் யேர்மனிக்குப் போகும்போது விட்டுச்சென்ற பத்துத் துளை மவுத் ஓர்கன் எம்மிடம் வந்தது.

அதுவும் யேர்மனியில் செய்யப்பட்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னாவிலும் யேர்மனியிலும் உருவான இவ்வாத்தியத்தை, மத்தியாஸ் ஹோனர் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் 1857 முதல் துரொசிங்கன் என்ற ஊரில் செய்து விற்கத் தொடங்கினார். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பித்தளை நாக்குகள். ஒன்று ஊதும்போது ஒலிக்கும், மற்றது மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலிக்கும்.

முதல் நாள் எங்கே வாய் வைத்து ஊதினாலும் பல சுரங்கள் சேர்ந்தே ஒலித்தன. கேட்க இனிமைதான், பாட்டு வரவில்லை. சீக்காய் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, ஒரு துளையை மட்டும் ஒலிக்கச் செய்ய இரண்டு கிழமை பிடித்தது. கன்னத்தை உப்பாமல், வயிற்றிலிருந்து மெல்ல மூச்சுவிடவும் பழகினோம்.

ஒதுங்கி நின்று கேட்ட சங்கீத ரீச்சர், "கமகம் வராத சாமான்" என்றார். மறுநாள் அவரே கரும்பலகையில் எழுதினார்: நான்காம் துளையில் ஊத ச, இழுக்க ரி, ஐந்தில் க, ம, ஆறில் ப, த, ஏழில் மட்டும் முதலில் இழுக்க நி, பிறகு ஊத மேல் ச. "இது சங்கராபரணம், பிள்ளையள்" என்றார். ஏழாம் துளையில் ஐவருமே தடுக்கி விழுந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது வீணைகள் கல்லூரியிலேயே நின்றுவிட்டன. மவுத் ஓர்கன் தோழியின் பைக்குள் வந்தது. தங்கியிருந்த பாடசாலை விறாந்தையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்தோம். ஒரு வாத்தியம், ஐந்து வாய்கள், துடைக்க ஒரே கைலேஞ்சி! இன்று வைத்தியர்களாகியுள்ள எம்மில் இருவர் அதை அனுமதிக்கமாட்டோம். ஆயினும் சில நாடுகளில் நுரையீரல் நோயாளருக்கு மூச்சுப் பயிற்சியாக இதே வாத்தியத்தைப் பழக்குகிறார்கள் என்று அறிந்தபோது எமக்கு வியப்பு வரவில்லை.

1996 இல் திரும்பி வந்தபோது வீணைகளும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. ரீச்சர் சற்று நேரம் நின்றார். பிறகு, "அந்தச் சாமானைக் கொண்டு வாங்கோ" என்றார். மூன்றாம், நான்காம் துளைகளைச் சேர்த்து ஊதினால் பஞ்சமமும் சட்சமும் ஒன்றாய் ஒலிக்கும். நாங்கள் முறைவைத்து ஊத, வகுப்பு அதன்மேல் பாடியது. அத்தவணை முழுவதும் கல்லூரிக்குச் சுருதி அதுவே.